லேபிள் ஏஆர்எம், உள்ளே இன்டெல்

குழு: பெரிய வீடு

நான், காலை 8:41
அக்கா, டேங்க் மட்டம் பார்க்கிற கோ மொழி புரோகிராமை இன்டெல் லேப்டாப்ல டாக்கர் இமேஜா (புரோகிராமும் அதுக்கு வேண்டியதும் சேர்ந்த பொட்டலம்) கட்டி, மாடியில இருக்கிற ராஸ்பெர்ரி பை 4-ங்கிற குட்டி ஏஆர்எம் கம்ப்யூட்டர்ல ஓட்டினா "எக்ஸெக் ஃபார்மேட் எரர்"னு ஒரே வரி. உடனே நின்னுடுது.

அக்கா, 8:44
அது கெர்னல், அதாவது ஓஎஸ்ஸோட மையப் பகுதி, சொல்ற பதில். பைனரியோட (கம்பைல் ஆகி வந்த ஃபைல்) தலைப்பைப் படிச்சுட்டு, இது என் புராசஸருக்கானது இல்லைன்னு கைவிரிச்சுடுது. எந்த வகை மெஷினுக்குன்னு, பிளாட்ஃபார்ம் என்ன குடுத்தே?

நான், 8:45
டாக்கரோட பில்ட் கருவி பில்டெக்ஸ்ல லினக்ஸ்/ஏஆர்எம்64, அதாவது 64 பிட் ஏஆர்எம். இன்ஸ்பெக்ட் பண்ணாலும் ஏஆர்எம்64-ன்னுதான் காட்டுது. அதான் புரியல.

அத்தான், 8:49
இன்ஸ்பெக்ட் காட்டுறது லேபிள் மாப்ள. சரக்கை வெளிய எடுத்துப் பாரு. டாக்கர் கிரியேட், அப்புறம் டாக்கர் சிபி-யால பைனரியைக் காப்பி பண்ணி, அதுமேல ஃபைல் கமாண்ட். அது இல்லைன்னா பைட்டுகளை அப்படியே காட்டுற எக்ஸ்எக்ஸ்டி போட்டு, 0-லிருந்து எண்ணி 18-வது பைட். 3இ-ன்னா இன்டெல், ஏஎம்டி 64 பிட். பி7-ன்னா ஏஆர்எம்64. 28-ன்னா 32 பிட் ஏஆர்எம்.

நான், 8:56
3இ 😐

அக்கா, 8:57
டாக்கர்ஃபைல்ல, அதான் இமேஜ் கட்டுற குறிப்புல, கம்பைல் ஸ்டேஜை மட்டும் இங்க போடு.

நான், 8:59
முதல் வரி ஏஆர்ஜி டார்கெட்ஆர்க் (எந்த புராசஸர் வகைக்குன்னு பில்டெக்ஸ் தர்ற மதிப்பு). அதுக்குக் கீழ ஸ்டேஜைத் தொடங்குற ஃப்ரம், பிளாட்ஃபார்ம் பில்ட்பிளாட்ஃபார்ம் (கட்டுற லேப்டாப்போட வகை), கோலாங் இமேஜ். அப்புறம் ரன்: எந்த வகைக்குக் கட்டணும்னு கோவுக்குச் சொல்ற கோஆர்க்-ல டார்கெட்ஆர்க்கை வச்சு கோ பில்ட்.

அக்கா, 9:03
ஏஆர்ஜி ஃப்ரமுக்கு மேல இருக்கு, அதான் வினை. மேல போட்டது ஃப்ரம் வரிக்கு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஸ்டேஜுக்குள்ள அது காலி. கோஆர்க் காலியா வந்தா கோ எரர்கூட காட்டாது, ஓடிக்கிட்டிருக்கிற மெஷினுக்கே கட்டிக் குடுத்துடும். கடைசி ஸ்டேஜோட பேஸ் ஏஆர்எம்64-ங்கிறதால இமேஜுக்கு லேபிள் மட்டும் சரியா விழுந்திருக்கு.

அக்கா, 9:05
ஃப்ரமுக்கு அடுத்த வரிகள்ல ஏஆர்ஜி டார்கெட்ஓஎஸ், ஏஆர்ஜி டார்கெட்ஆர்க் ரெண்டும் போடு. சி கோடு சேர்க்கிறதை நிறுத்த சிகோ_எனேபிள்டு 0. எஸ்கியூலைட் மாதிரி சி லைப்ரரி ஏதாவது இழுத்திருந்தா 0 வைக்க முடியாது. அப்போ அந்த ஸ்டேஜ்ல லேப்டாப்ல இருந்தே ஏஆர்எம்64-க்குக் கட்டுற சி கம்பைலர், ஜிசிசி கிராஸ் கம்பைலரும் போட்டாகணும்.

சின்ன மாமா, 9:11
எதுக்கும்மா இவ்வளவு? பில்ட்பிளாட்ஃபார்மை எடுத்துட்டு க்யூஎமு (வேற புராசஸர் மாதிரி நடிக்கிற எமுலேட்டர்) வழியா முழுசா ஏஆர்எம்லயே கட்டிட்டா இந்தக் குழப்பமே இல்லையே.

அக்கா, 9:14
குழப்பம் இல்லைதான் மாமா, ஆனா ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்‌ஷனையும் மொழிபெயர்த்து ஓட்டணும். ரஸ்ட், சி++ எல்லாம் அதுல கம்பைல் பண்ணா காபி போட்டுக் குடிச்சுட்டு வந்தாலும் முடிஞ்சிருக்காது. ஏபிடி இன்ஸ்டால் மாதிரி சின்ன வேலைக்கு மட்டும் க்யூஎமு போதும். அதுலயும் சில சமயம் லிப்சி-பின் பேக்கேஜ் செட்டப் நடக்கும்போது செக்மென்டேஷன் ஃபால்ட் (மெமரி தப்பால புரோகிராம் விழுறது) வரும். பழைய க்யூஎமு-ன்னா புதுசு போட்டுப் பார்க்கணும்.

அத்தான், 9:18
க்யூஎமு வச்சா ஒண்ணு கவனிங்க. டெபியன்ல க்யூஎமு-யூசர்-ஸ்டாட்டிக் பேக்கேஜ் போட்டா "ஏஆர்எம் பைனரின்னா க்யூஎமு-வைக் கூப்பிடு"ன்னு கெர்னல்கிட்ட பதிவாகும்; ரீபூட்டுக்கு அப்புறமும் சர்வீஸ்களைத் தொடங்குற சிஸ்டம்டி மறுபடி பதிவு பண்ணிடும். பிரிவிலெஜ்டு கன்டெய்னரை (ஹோஸ்ட் கெர்னலைத் தொட அனுமதி உள்ளது) ஒரு தடவை ஓட்டிப் பதிஞ்சா ரீபூட்ல போயிடும், ஏன்னா அது கெர்னல் மெமரில மட்டும்தான் இருக்கு. ப்ராக்/சிஸ்/எஃப்எஸ்/பின்எஃப்எம்டி_மிஸ்க் கீழ க்யூஎமு-ஏஆர்ச்64 ஃபைலை கேட் கமாண்ட்ல படிச்சுப் பாருங்க. ஃபிளாக்ஸ் வரியில எஃப் இருக்கணும்.

நான், 9:19
எஃப் இல்லைன்னா?

அத்தான், 9:22
எஃப் இருந்தா பதிவு பண்றப்பவே கெர்னல் க்யூஎமு-வைத் திறந்து கையில வச்சுக்கும். இல்லைன்னா ஓட்டுற நேரத்துல கன்டெய்னருக்குள்ள அந்த பாத்தைத் தேடும். அங்க க்யூஎமு ஏது? "நோ சச் ஃபைல்"னு வரும். காணாம போனது க்யூஎமு-ன்னு சொல்லாது, நாம புரோகிராமைத் தேடிக்கிட்டு இருப்போம். எஃப் வந்தது 4.8 கெர்னல்ல.

அம்மா, 9:24
டேங்க் வழியுது. மோட்டார் போட்டது யாரு?

நான், 9:24
ஆஃப் பண்ணிட்டேன்மா

சின்ன மாமா, 9:31
சரி, இங்க ஊர்ல இருக்கிற பை 4-ல இவன் இமேஜை இழுத்தேன். "நோ மேட்சிங் மேனிஃபெஸ்ட் ஃபார் லினக்ஸ்/ஏஆர்எம்/வி8"ங்குது, அதாவது இந்த மெஷினுக்குப் பொருந்துற இமேஜ் இல்லைன்னு. ஆனா யுநேம் மைனஸ் எம் போட்டா ஏஆர்ச்64-ன்னு, அதாவது ஏஆர்எம்64-ன்னுதான் வருது.

அக்கா, 9:33
யுநேம் கெர்னலைத்தான் சொல்லும் மாமா. பேக்கேஜ்கள் எந்த வகைன்னு தெரிய டிபிகேஜி பிரின்ட்-ஆர்கிடெக்சர் போட்டுப் பாருங்க.

சின்ன மாமா, 9:35
ஏஆர்எம்எச்எஃப்.

அக்கா, 9:39
கெர்னல் 64, மேல இருக்கிறதெல்லாம் 32. டாக்கரும் 32 பிட்தான். 32 பிட் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்-லயே இப்படி 64 கெர்னல் பூட் ஆகும். சுத்தமான வழி 64 பிட் ஓஎஸ் மாத்துறது. இப்போதைக்கு, தம்பி, பிளாட்ஃபார்ம் பட்டியல்ல லினக்ஸ்/ஏஆர்எம்/வி7 சேர்த்துக் கட்டு. டார்கெட்வேரியன்ட்டுக்கும் ஒரு ஏஆர்ஜி வேணும். அது "வி7"ன்னு வரும், எந்த ஏஆர்எம் பதிப்புன்னு கோவுக்குச் சொல்ற கோஏஆர்எம்-க்கு வெறும் 7 போகணும். வி-யை வெட்டிட்டுக் குடு.

நான், 9:52
ரெண்டு பிளாட்ஃபார்ம் குடுத்தா இமேஜ் லேப்டாப் டாக்கர்ல லோட் ஆக மாட்டேங்குது.

அத்தான், 9:55
பழைய இமேஜ் ஸ்டோருக்கு ரெண்டு ஆர்கிடெக்சரை ஒரே டேக்ல (இமேஜோட பேர்ல) வச்சுக்கத் தெரியாது. டாக்கர்-கன்டெய்னர் டிரைவர்ல பில்டர் உண்டாக்கிட்டு ரெஜிஸ்ட்ரிக்கு (இமேஜ்களை வைக்கிற சர்வர்) நேரா புஷ் குடு. லோக்கல்லயே வேணும்னா டாக்கரோட செட்டிங் ஃபைல் டீமன் ஜேசன்ல, புது ஸ்டோருக்கு மாத்துற கன்டெய்னர்டி-ஸ்நாப்ஷாட்டரை ட்ரூ பண்ணு. ஆனா மாத்தினதும் பழைய இமேஜ் எதுவும் பட்டியல்ல தெரியாது. அழிஞ்சிடல, வேற கிடங்குல இருக்கு. பதறாதே.

நான், 10:08
புஷ் ஆயிடுச்சு. இமேஜ்டூல்ஸ் இன்ஸ்பெக்ட்ல ஏஆர்எம்64, ஏஆர்எம்/வி7, கூடவே அன்னோன்/அன்னோன் ரெண்டு. தப்பா?

அக்கா, 10:10
தப்பில்ல. பில்டெக்ஸ் 0.10-லிருந்து தானா சேர்க்கிற ப்ராவெனன்ஸ் குறிப்பு அது, இமேஜ் எப்படிக் கட்டினதுன்னு சொல்றது. ரெஜிஸ்ட்ரி ஏத்துக்கலைன்னா மட்டும் ப்ராவெனன்ஸ் ஃபால்ஸ் போடு. பைட்டை ரெண்டு பேரும் மறுபடி பாருங்க.

நான், 10:16
பி7. ஓடுது.

சின்ன மாமா, 10:21
இங்க 28.