மீனுக்கும் கட்டிக்கும் ஒரே சமன்பாடா?

ஒற்றைப்படை:
கணிதத் தத்துவம், புற்றுநோய் மருத்துவம், நிலைத்தன்மை (இயற்கை வளத்தைத் தீர்த்துவிடாமல் பயன்படுத்துவது) என்று மூன்றையும் ஒரே ஆராய்ச்சியில் தொடுகிறவர்களை ‘நுனிப்புல் மேய்கிறவர்கள்’ என்று ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு சமன்பாட்டின் கதையைச் சொல்கிறேன், அப்புறம் திட்டுங்கள்.

1838இல் வெர்ஹுல்ஸ்ட் என்ற கணிதவியலாளர் மக்கள்தொகைக்காக எழுதியது அது. கொஞ்சமாக இருக்கும்போது வேகமாகப் பெருகும். தாங்கும் எல்லையை நெருங்க நெருங்க வேகம் குறைந்து நின்றுவிடும். 1926இல் வோல்டெரா என்ற இன்னொரு கணிதவியலாளர் இதே பாணியில் வேட்டையையும் போட்டியையும் கணக்காக்கினார். முதல் உலகப்போரில் ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்தபோது, பிடிபட்டதில் சுறா வகைகளின் பங்கு ஏன் கூடியது என்று டான்கோனா என்ற உயிரியலாளர் (பின்னாளில் வோல்டெராவின் மருமகன்) கேட்டதுதான் தொடக்கம். அந்தக் குடும்பத்துச் சமன்பாடுகளை வைத்துத்தான் அமெரிக்காவின் மொஃபிட் புற்றுநோய் மையத்தில் ராபர்ட் கேட்டன்பி குழு புராஸ்டேட் புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கும் முறையை அமைத்தது. மருந்துக்கு மடங்குகிற செல்களை எல்லாம் கொன்றுவிட்டால், மடங்காத செல்களுக்குப் போட்டியே இருக்காது. அதனால் கொஞ்சத்தை விட்டுவை என்பதுதான் யோசனை. இதற்கு அவர் காட்டிய உதாரணம், பூச்சிக்கொல்லிகளுக்கு ஒவ்வொன்றாகப் பழகிவிடுகிற வைரமுதுகு அந்துப்பூச்சி.

கடல், வயல், உடம்பு. மூன்றிலும் ஒரே வடிவம் வந்து நிற்கிறது என்றால் அதை நாம் உருவாக்கினோம் என்று எப்படிச் சொல்வது? அது அங்கேயே இருந்தது, நாம் கண்டறிந்தோம்.

கரைப்பறவை:
கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மீன்வளப் புள்ளிவிவரம் என் பிழைப்பு, மீதியை நான் சொல்கிறேன்.

1954இல் ஷேஃபர் என்ற மீன்வள ஆய்வாளர் அதே வெர்ஹுல்ஸ்டை மீன்பிடிக் கணக்கில் கொண்டுவந்தார். மீன் கூட்டம் தாங்கும் எல்லையில் பாதியாக இருக்கும்போது வளர்ச்சி உச்சம். அந்த வளர்ச்சியை மட்டும் பிடித்துக்கொண்டால் முதல் அப்படியே இருக்கும், வட்டியைச் சாப்பிடலாம். கேட்க எவ்வளவு இனிமை! 1977இல் பீட்டர் லார்கின் இந்தக் கருத்துக்குக் கல்லறை வாசகமே எழுதிவிட்டார். ஐந்தே வருடத்தில், 1982இல், ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைக்குள் அது போய் உட்கார்ந்துகொண்டது.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். கடல் தாங்குவது 1,000 டன், வளர்ச்சி விகிதம் 0.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 டன் இருக்கும்போது ஆண்டுக்கு 100 டன் கூடும், அதற்கு மேல் எப்போதும் கூடாது. இப்போது எல்லையை நாம் 1,200 என்று தவறாக மதிப்பிட்டுவிட்டோம். அனுமதிக்கும் அளவு 120 டன் ஆகிவிடும். நிறைந்த கடலில் தொடங்கினால் பத்தாவது ஆண்டு முடிவில் 538 டன் மிச்சம். பதினைந்தில் 437. இருபதில் 310. இருபத்தைந்தில் 54. இருபத்தாறாவது ஆண்டு 75 டன்னை வாரினால் கடல் காலி. ஆனால் அந்த 25 வருடமும் துறைமுகப் பதிவேட்டில் என்ன இருந்திருக்கும்? 120, 120, 120. ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை.

பிழை வெறும் 20 சதவீதம். மீன் எண்ணுகிற வேலையில் அது நல்ல நாள். உங்கள் சமன்பாடு அங்கேயே இருந்ததோ இல்லையோ, 1,200 என்ற எண் எங்கேயும் இல்லை. அதை நாங்கள்தான் போட்டோம்.

முடிவிலி99:
கோடெல் 1931லேயே கணிதம் முழுமையற்றது என்று நிரூபித்துவிட்டாரே. அப்புறம் எப்படி அதை வைத்து உயிரோடு விளையாடுகிறார்கள்?

ஒற்றைப்படை:
கோடெலை இங்கே இழுக்காதீர்கள், பாவம். எண்கணிதத்தை உள்ளடக்கிய முரணற்ற முறைமைகளில் நிரூபிக்கவும் மறுக்கவும் முடியாத கூற்றுகள் உண்டு என்றார். கட்டி வளர்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கரைப்பறவை, உங்கள் உதாரணம் என் பக்கம்தான் நிற்கிறது. எண்ணைத் தவறாகப் போட்டது மனிதர். கடலைக் காலி செய்தது அந்த வடிவம் சொன்னபடியேதான். புற்றுநோயிலிருந்தே இன்னொன்று தருகிறேன். 1971இல் நட்சன் என்ற மருத்துவர் விழித்திரைப் புற்றுநோய் வந்த 48 பேரின் விவரங்களை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வயதிலும் இன்னும் நோய் கண்டறியப்படாத பங்கு எவ்வளவு என்று மடக்கை அளவில் வரைந்தார். இரண்டு கண்ணிலும் வந்தவர்களுக்கு நேர்கோடு, ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களுக்கு வளைவு. நேர்கோடு என்றால் ஒரே ஒரு அடி, அதாவது மரபணுவில் ஒரே ஒரு சேதம், போதும். வளைவு என்றால் இரண்டு அடி வேண்டும். அதாவது முதல் வகையினர் ஓர் அடியைப் பிறக்கும்போதே வாங்கிக்கொண்டு வந்தவர்கள். அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தது 1986இல். பதினைந்து வருடம் முன்பே ஒரு கோட்டின் வடிவம் அதைச் சொல்லிவிட்டது. தற்செயலா இது?

கரைப்பறவை:
தற்செயல் இல்லை. ஆனால் நட்சனை நம்பவைத்தது கோடா, மரபணுவா? ஆர்மிடேஜ், டோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1954இல் பார்த்தார்கள்: பல புற்றுநோய்களில் இறப்பு விகிதம் வயதின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது, ஆகவே ஒரு செல் புற்றுநோயாக மாற ஆறேழு படிகள் இருக்க வேண்டும் என்றார்கள். மூன்று வருடம் கழித்து, 1957இல், அதே இருவரும் இரண்டே படிகளை வைத்து, நடுவில் செல்கள் பெருகும் என்று சேர்த்து, இன்னொரு மாடலைக் கொடுத்தார்கள். அதுவும் பொருந்தியது. அப்படியானால் அங்கேயே இருந்தது ஆறா, இரண்டா? நட்சன் ஜெயித்த கதையை எல்லோரும் சொல்கிறோம். கோடு அழகாகப் பொருந்தி, பின்னால் ஒன்றும் கிடைக்காத கதைகளை யாரும் சொல்வதில்லை.

இரவுப்பணி:
புற்றுநோய்ப் பிரிவில் வேலை செய்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் வானத்தில் சண்டை போடுகிறீர்கள், கொஞ்சம் கீழே வாருங்கள்.

அந்த மொஃபிட் ஆய்வு 2017இல் வெளியானபோது அதில் 11 பேர்தான். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் செல்கள் விடுகிற ஒரு புரதம்) அளவு பாதியாகக் குறைந்ததும் அபிராடெரோன் என்ற மருந்தை நிறுத்துவார்கள். பழைய அளவுக்கு ஏறியதும் மறுபடி தொடங்குவார்கள். நோய் முற்றும் வரையிலான நடுமதிப்புக் காலம் குறைந்தது 27 மாதம், வழக்கமான முறையில் 16.5 மாதம். மருந்தும் வழக்கமானதில் பாதிக்கும் குறைவு. கேட்டால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்த ஆய்வல்ல அது. ஒப்பிட்டது அதே காலத்தில் வழக்கமான சிகிச்சை பெற்ற வேறு சிலரோடு. இதை வைத்து கணிதத்தின் இருப்பையே நிரூபிப்பது ரொம்ப தூரம்.

இன்னொன்று. கட்டி வளர்ச்சிக்குப் பல இடங்களில் கோம்பெர்ட்ஸ் வளைவு நன்றாகப் பொருந்துகிறது. அது 1825இல் ஆயுள் காப்பீட்டுக்காரர்களின் இறப்புக் கணக்குக்காக எழுதியது. எது பொருந்துகிறதோ அதை எடுத்துப் போடுகிறோம், அவ்வளவுதான்.

ஒற்றைப்படை:
பாதியில் நிறுத்துவது! ஷேஃபரிலும் பாதி, இங்கேயும் பாதி. கவனித்தீர்களா?

இரவுப்பணி:
கவனித்தேன், அதனால்தான் பயமாக இருக்கிறது. பி.எஸ்.ஏ. 50 சதவீதம் குறைவது என்பது அந்த மருந்துகள் வேலை செய்ததற்கு நாங்கள் ஏற்கெனவே வைத்திருந்த அடையாளம். எந்தச் சமன்பாட்டின் உச்சியிலிருந்தும் இறங்கி வந்ததல்ல. இப்படித்தான் ஒற்றுமைகள் பிறக்கின்றன.

ஒற்றைப்படை:
சரி, அந்தப் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சமன்பாட்டை இல்லை. போட்டி என்ற உறவு கடலிலும் இருக்கிறது, கட்டியிலும் இருக்கிறது. நாம் எழுதாவிட்டாலும் இருக்கும்.

கரைப்பறவை:
உறவு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். என் சண்டை அதோடு இல்லை. சமன்பாடு ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது தன் வெற்றியை மட்டும் மூட்டை கட்டிக்கொண்டு போகிறது, வாங்கிய அடியைக் கரையிலேயே விட்டுவிடுகிறது. மூன்று துறையிலும் கால் வைக்கிற ஆராய்ச்சியாளரிடம் நான் எதிர்பார்ப்பது அந்த அடியையும் சேர்த்துச் சுமந்து வருவதைத்தான். அதைச் செய்கிறவர் நுனிப்புல் மேய்கிறவரல்ல, உங்களோடு நானும் சொல்வேன்.

1992 ஜூலையில் கனடா நியூஃபவுண்ட்லேண்டில் காட் மீன்பிடிப்பை நிறுத்தியது. சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. இத்தனைக்கும் அங்கே வைத்திருந்த இலக்கு ஷேஃபர் சொன்னதைவிட எச்சரிக்கையானது. கவிழ்த்தது இருப்பைப் பற்றிய மதிப்பீடு. மீன் குறையக் குறைய மிச்சமிருந்தவை ஒரே இடத்தில் கூடின, படகுகள் தேடிப் பிடிப்பதில் தேர்ந்துகொண்டே போயின. பிடிபடும் அளவு கடலைப் பற்றி நல்ல செய்தியே சொல்லிக்கொண்டிருந்தது.

இரவுப்பணி:
இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்களுக்குப் பி.எஸ்.ஏ.வும் துறைமுகப் பதிவேடு மாதிரிதான். நாங்கள் செல்களை எண்ணுவதில்லை, அவை ரத்தத்தில் விடுகிற ஒன்றை அளக்கிறோம். பி.எஸ்.ஏ. அதிகம் சுரக்காத செல்கள் பெருகினால் எண் அசையாமல் இருக்க, கட்டி வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் அந்த ஆய்வில் இடையிடையே ஸ்கேனும் எடுத்தார்கள்.

கரைப்பறவை:
எங்களுக்கும் ஸ்கேன் இருந்தது, ஆய்வுக் கப்பல் என்று பெயர். அது ஒன்று சொன்னது, படகுகளின் கணக்கு வேறு சொன்னது. ஸ்கேனும் பி.எஸ்.ஏ.வும் ஒத்துப்போகாத நாளில் நீங்கள் என்ன செய்வீர்கள்?

இரவுப்பணி:
ஸ்கேனை நம்புவோம். நீங்கள்?

கரைப்பறவை:
படகுகளை.