23 கூடு எண்டா 23 சோடியா?

தரவைக்காரன்: பங்குனி தொடங்கி ஆடி மட்டும் கிழமைக்கு ஒருக்கா மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கத் தரவை (மாடு மேயிற வெளி) ஒண்டைச் சுத்தினன். ஆக்காண்டிக் (ஆள்காட்டிக் குருவி) கூடு 23 கிடைச்சிச்சு. அப்ப அங்க முட்டையிடுற சோடி 23. ஆக்காண்டி குறைஞ்சி போச்செண்டு புலம்புற ஆக்கள் ஒருக்கா வந்து பாருங்க.

கணக்குப்பிள்ளை: கூடு 23, சரி. சோடி 23 எண்டத ஒத்துக்கொள்ள ஏலாது. நாலு முட்டை போட்டா 28–30 நாள் அடைகாக்கணும். நடுவுல மாடு மிதிச்சி, கீரி குடிச்சிப் போனா அதே சோடி இன்னொரு இடத்தில திரும்பப் போடும். கூடெண்டு என்ன, வெறும் தரையில ஒரு குழி, சுத்திவரச் சின்னக் கல்லு. சித்திரையில ஒண்டு, ஆனியில ஒண்டு எண்டு எண்ணியிருப்பீங்க. ஒரே ஆள் ரெண்டு வாக்குப் போட்ட கதை.

தரவைக்காரன்: என்ட கண்ணுக்குத் தப்பின கூடும் இருக்கும்தானே. அதுக்கு இது சரி.

கணக்குப்பிள்ளை: அது கணக்கில்ல, ஆசை. ரெண்டையும் வேற வேறயா அளக்கணும்.

தப்பினதுக்கு: ஒரே நாளில ரெண்டு பேர், ஒருத்தர் கண்டத மற்றவருக்குச் சொல்லாமத் தேடணும். ஒருத்தருக்கு 12, மற்றவருக்கு 10, ரெண்டு பேரும் கண்டது 8 எண்டு வைங்க. 12ஐ 10ஆல பெருக்கி 8ஆல பிரிச்சா 15. சேர்ந்து கண்டது 14தான், அப்ப ஒண்டு தப்பியிருக்கு.

அழிஞ்சதுக்கு: அமெரிக்காவில ஹரோல்ட் மேஃபீல்ட் 1961இல ஒரு வழி சொன்னார். நீங்க காணமுந்தியே அழிஞ்ச கூடு உங்கட கொப்பிக்கு வராது, அதால கூட்டை எண்ணாம, கூடு உங்கட கண்ணுக்குள்ள இருந்த நாளை எண்ணுங்க எண்டார். ஒரு கூட்டை ஒரு நாள் பாத்தா ஒரு கூட்டுநாள். 200 கூட்டுநாளில 10 கூடு அழிஞ்சா ஒரு நாள் தப்புற வாய்ப்பு 0.95. அடைகாக்கிற 28 நாளுக்கும் 0.95ஐ 0.95ஆலயே பெருக்கிக்கொண்டு போனா 0.24. நாலு கூட்டில ஒண்டுதான் பொரிக்கும். மிச்சம் மூண்டு சோடியும் என்ன செய்யும்? திரும்பப் போடும். உங்கட 23 அங்கதான் ஊதிச்சி.

பட்டிப்பொடியன்: அண்ணன், பற்றைக் கரையில கிடக்கிற கூடு ரெண்டு பேருக்கும் தப்பும். அப்ப அந்த 15உம் குறைவுதான்.

கணக்குப்பிள்ளை: ஓம் தம்பி, அது நியாயம். எல்லாக் கூடும் ஒரே அளவு லேசாத் தெரிஞ்சாத்தான் அந்தக் கணக்கு நிக்கும்.

தரவைக்காரன்: மேஃபீல்ட் பாத்த குருவியும் தரையிலதான் கூடு வைக்கும். மிச்சிகனில 1951இல அதுகள எண்ணக்குள்ள கூடு தேடல்ல, பாடுற ஆணை எண்ணினாங்க, 432. நானும் பறவையையே எண்ணினா?

கணக்குப்பிள்ளை: அங்க ஆண்தான் பாடும். இங்க ஆணும் பெண்ணும் ஒரே உடுப்பு, ரெண்டும் கத்தும். இந்த வருசம் முட்டையே போடாததும் சேர்ந்து கத்தும்.

பட்டிப்பொடியன்: ஒண்டு கேக்கட்டா, கூட்டுக்கு அடையாளம் என்ன வைச்சீங்க?

தரவைக்காரன்: கம்பு நட்டு சிவப்புத் துணி கட்டினன்.

பட்டிப்பொடியன்: 😂 காகத்துக்குக் கடைப் பலகை போட்டுக் குடுத்திருக்கீங்க. ஃபோன்ல இடத்தைக் குறிச்சிருந்தாக் காணும்.

தரவைக்காரன்: சிரிக்காத. கொப்பியில நாள் எல்லாம் கிடக்கு, இப்பதான் புரட்டினன். ஒரே நாளில முட்டையோட இருந்த கூடு ஆகக் கூடினது 11, வைகாசிக் கடைசியில. 23ஐ வெட்டிப்போட்டு "11 சோடிக்குக் குறையாது" எண்டு எழுதுறன். குறைஞ்சி போச்செண்டு அழுதவங்களும் எண்ணிக் காட்டட்டும்.

கணக்குப்பிள்ளை: அத ஏத்துக்கொள்றன். வாற பங்குனி நானும் வாறன். கம்பு வேணாம்.