.32 கைத்துப்பாக்கி: மேல் தோட்டா மேகசினுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது, உதவுங்கள்

கேட்டவர்:
வணக்கம். என்னிடம் இருப்பது உரிமம் பெற்ற, சிறிய .32 ஏசிபி (தோட்டா வகையின் பெயர்) கைத்துப்பாக்கி. இத்தனை நாளும் பயிற்சிக்களத்தில் உருண்டை முனைத் தோட்டாக்களையே சுட்டேன்; ஒரு முறைகூடத் தடங்கல் வந்ததில்லை. போன வாரம் முனையில் குழியுள்ள தோட்டாக்களை நிரப்பினேன். இரண்டாவது வெடித்ததும் ஸ்லைடு (குழலின் மேல் முன்னும் பின்னும் ஓடும் பகுதி) பாதி வழியில் நின்றுவிட்டது. மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) கழற்றிப் பார்த்தால், மேல் தோட்டா கட்டைவிரலால் தள்ளியும் நகரவில்லை. மேகசினின் சுருள்வில் தளர்ந்துவிட்டதா?

மறுமொழி 1:
மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்திருப்பீர்கள். இந்த வகையில் பெரும்பாலானவற்றில் குழலையும் ஸ்லைடையும் பூட்டும் கொக்கி கிடையாது. வெடித்த வேகத்தில் தோட்டாவின் வெற்று உறையே ஸ்லைடைப் பின்னுக்குத் தள்ளுகிறது. கை இளகினால் ஸ்லைடு முழுத் தூரம் போகாது.

மறுமொழி 2:
பிடி தளர்ந்தாலும் தடங்கல் வரும், உண்மைதான். ஆனால் அப்போது மேகசினில் உள்ள தோட்டா விரலுக்கு நகர்ந்து கொடுக்கும். இங்கே நகரவில்லை என்கிறார். இது விளிம்புப் பூட்டு.

ஒரு தோட்டாவின் அடிப்பாகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பித்தளை உறையின் அடியில் விளிம்பு சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். உறை சுமார் 8.6 மில்லிமீட்டர், விளிம்பு 9.1. இந்த அரை மில்லிமீட்டர்தான் வில்லன். மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் நழுவிவிட்டால் ஸ்லைடு எவ்வளவு தள்ளினாலும் நகராது. குழிமுனைத் தோட்டா பெரும்பாலும் நீளம் குறைந்தது. மேகசினுக்குள் இடைவெளி கூடுகிறது; பின்னுதைப்பில் தோட்டாக்கள் முன்னும் பின்னும் ஆடி விளிம்பு தாண்டிவிடுகிறது.

மேகசினின் அடியைத் தட்டி ஸ்லைடை இழுப்பதால் இது சரியாகாது. துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் வைத்து, விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி மேகசினை உருவுங்கள். குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். இதில் மட்டும் அவசரம் வேண்டாம், தயவுசெய்து.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. அளந்து பார்த்தேன்: குழிமுனைத் தோட்டா ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் குட்டை. மாட்டிய தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் பிறை போல ஒரு கீறலும் இருக்கிறது. விளிம்பை அரம் வைத்துத் தேய்த்துவிடலாமா?

மறுமொழி 2:
கூடவே கூடாது! .32 அறைக்குள் சரியான ஆழத்தில் நிற்பதே அந்த விளிம்பைப் பிடித்துத்தான். ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1899-இல் வந்த தோட்டா இது. 1908-இல் வந்த .380 ஏசிபி-யில் நீட்டிய விளிம்பே இல்லை. அது உறையின் வாயைக் கொண்டு நிற்கிறது, அதனால் இந்தத் தொல்லை அதற்குக் கிடையாது. அதற்காக .380-ஐ உங்கள் துப்பாக்கியில் போட்டுப் பார்க்காதீர்கள்.

உருண்டை முனைக்கே திரும்புங்கள். நிரப்பும்போது ஒவ்வொரு விளிம்பும் கீழ் விளிம்புக்கு முன்னால் அமர்ந்ததா என்று பாருங்கள். குட்டைத் தோட்டாதான் வேண்டுமென்றால், சில மேகசின்களின் பின்சுவரில் இடைவெளியை அடைக்கும் தகடு பொருத்துவார்கள். அதைத் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடமே செய்துகொள்ளுங்கள்.

கேட்டவர்:
நேற்று உருண்டை முனையில் ஐம்பது சுட்டேன். ஒன்றுகூட மாட்டவில்லை. சுருள்வில்லை மாற்றவில்லை.