சோலார் போடுமுன் வீட்டு மின்செலவைக் குறைக்க வேண்டுமா?

கேள்வி:
மதுரையில் உள்ள எங்கள் வீட்டில் இரண்டு மாதத்திற்கு 640 யூனிட் ஆகிறது. நான்கு பழைய மின்விசிறிகள், ஓர் ஏசி, பழைய ஃபிரிட்ஜ், யு.பி.எஸ். ஆகியவை உள்ளன. சோலார் அமைக்க வந்து பார்த்தவர் மொட்டை மாடியை அளந்தாரே தவிர, மின்கட்டண விவரத்தைக் கேட்கவே இல்லை. 5 கிலோவாட் போடச் சொல்கிறார். முதலில் செலவைக் குறைப்பது நல்லதா, அல்லது சோலார் வந்தபின் அது தேவைப்படாதா?

பதில் 1:
நாளொன்றுக்கு உங்களுக்கு 11 யூனிட்டுக்கும் குறைவாகவே ஆகிறது. நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும் என்பதால், இன்றைய நிலையிலேயே 3 கிலோவாட் போதும். மத்திய அரசின் சூர்ய கர் மானியமும் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயோடு நின்றுவிடுகிறது. பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் உள்ள பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். நான்கும் நாளுக்கு 15 மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொண்டால் இரண்டு மாதத்தில் 162 யூனிட் மிச்சமாகி, கணக்கு 478-க்கு இறங்கும். 500-ஐத் தாண்டினால் அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டண விகிதம் கூடிவிடுவதால், விசிறியை மாற்றுவதிலேயே பாதி வேலை முடிந்துவிடும். அதன்பின் 2 கிலோவாட்டே போதுமானதாக இருக்கும்.

பதில் 2:
கணக்கு சரிதான், ஆனால் வருங்காலத்தில் இன்னோர் ஏசியோ மின்சார ஸ்கூட்டரோ வாங்கும் எண்ணமிருந்தால் 3 கிலோவாட்டுக்குக் குறைய வேண்டாம். மாடியில் வெயில் சூட்டைக் குறைக்கும் வெள்ளை ஓடுகளைப் பதிப்பதானால் பேனலுக்கு முன்பே பதித்துவிடுங்கள். நாங்கள் முறை மாற்றிச் செய்ததால், தாங்கிக் கால்களைச் சுற்றி ஓட்டை வெட்டி ஒட்டவேண்டி வந்தது. மழைக்கு இன்றும் அங்கேதான் கசிகிறது.

பதில் 3:
எதையும் வாங்குமுன், இரவில் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, ஃபிரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, மீட்டரின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அது விட்டுவிட்டு மின்னினால் எங்கோ மின்சாரம் போகிறது என்று பொருள். யு.பி.எஸ். பேட்டரி பழையதென்றால் என் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

கேட்டவர்:
நேற்றிரவு பார்த்தேன், மின்னியது. யு.பி.எஸ். பிளக்கைப் பிடுங்கியதும் நின்றுவிட்டது. பேட்டரிக்கு ஏழு வயது, தொட்டால் சுடுகிறது. அதையும் விசிறிகளையும் மாற்றிவிட்டு, அடுத்த கணக்கெடுப்புக்குப் பிறகு சோலார்காரரை அழைக்கிறேன்.