குடிலில் முளைத்த கேழ்வரகு: சின்ன வயதுக் கிறிஸ்மஸை உங்கள் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுகிறீர்கள்?

தூத்துக்குடி, இப்போது சென்னை:

கேட்டவன் நானே தொடங்கிவிடுகிறேன். எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் டிசம்பர் 12, 13 வாக்கிலேயே கேழ்வரகோடு ஆரம்பித்துவிடும். அப்பா சிரட்டைகளில் செம்மண் நிரப்பி, கேழ்வரகைத் தூவி, ஈரச்சாக்கு போட்டு மூடிவிட்டு இரண்டு நாள் யாரையும் திறக்க விடமாட்டார். மூன்றாம் நாள் பார்த்தால் ஊசி ஊசியாக எட்டிப் பார்க்கும். அப்புறம் வெயிலில் வைத்துக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பது என் வேலை, அரையாண்டுத் தேர்வுக்குப் படித்தேனோ இல்லையோ இதை மறந்ததில்லை. 24ஆம் தேதி அதை மண்ணோடு எடுத்துக் குடிலில் பதித்தால் வயல் தயார், ஆட்டுக்குட்டிகள் மேய ஆரம்பித்துவிடும். மாதாவும் சூசையப்பரும் நிற்க, நடுவில் வைக்கோல் மட்டும் காலியாகக் கிடக்கும். பாலன் சுரூபம் நள்ளிரவுப் பூசை முடிந்து வந்த பிறகுதான். மூன்று ராஜாக்கள் வருவதோ ஜனவரி 6 திருநாளுக்கு. அதுவரை அலமாரியிலிருந்து தினமும் ஒரு சாண் நகர்த்துவேன்.

சென்னை வந்து, கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, மூன்று வருடம் கடையில் வாங்கிய குடில் செட்டைத்தான் வைத்தேன். பெட்டியைத் திறந்தால் பத்து நிமிட வேலை. பையன் போனிலிருந்து தலையைத் தூக்கி "முடிஞ்சுதா?" என்றான். சுருக்கென்றது.

அடுத்த வருடம் மனைவி பேச்சைக் கேட்டு வெந்தயம் போட்டேன், சீக்கிரம் வருமாம். நான் தண்ணீரை ஊற்று ஊற்றென்று ஊற்றியதில் அழுகி நாறியது. சரி என்று கேழ்வரகுக்கே போனால், அந்த டிசம்பர் முழுக்க மழை, பால்கனியில் வெயிலே இல்லை, புல் வெளிறி மஞ்சளாக வளர்ந்து சாய்ந்துவிட்டது. எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் சின்னவள் போனில் ஆச்சியிடம் "எங்க வயல்ல அறுவடை வந்துட்டு ஆச்சி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்! பத்து நாளும் பல் தேய்க்கும் முன்னால் பால்கனிக்கு ஓடியவள் அவள்தான்.

மற்றபடி எல்லாவற்றையும் நான் இழுத்துப் பிடிப்பதில்லை. அப்பா மூங்கில் சீவி, வண்ணத்தாள் ஒட்டிச் செய்த ஸ்டார் ஒவ்வொரு வருடமும் முதல் மழையிலேயே கிழியும், அதற்கு எல்இடி ஸ்டாரே மேல். நள்ளிரவுப் பூசையிலும் பிள்ளைகள் தூங்கட்டும், நானும் அம்மா மடியில் தூங்கியவன்தானே.

மார்த்தாண்டம், இப்போது பெங்களூரு:

எங்கள் பக்கம் வீடு வீடாகக் கேரல் பாட்டுப் பாடுகிறவர்கள் வர ராத்திரி பதினொன்று, பன்னிரண்டு ஆகிவிடும். தெருமுனையில் டிரம் சத்தம் கேட்டதுமே கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். அந்த முகமூடியையும் வயிற்றில் தலையணையையும் வைத்துக்கொண்டு ஆடி ஆடி வருகிற கிறிஸ்மஸ் தாத்தாவைப் பார்த்து யாருக்குத்தான் பயம் வராது? எட்டு வயதில் ஒருநாள் தாத்தா கையில் எங்கள் மாமாவின் வாட்சைப் பார்த்துவிட்டேன். ஒருவரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அடுத்த வருடம் வரமாட்டாரோ என்று ஒரு நினைப்பு.

இந்த வருடம் எங்கள் அபார்ட்மெண்டில் என் வீட்டுக்காரரைக் கிறிஸ்மஸ் தாத்தா ஆக்கிவிட்டார்கள். பையன் முன்னால் நின்று கைநீட்டி மிட்டாய் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்து காதில், "அது அப்பா செருப்பு" என்றான். நான் முழித்தேன். "நீ சொல்லிடாதம்மா, அப்பா பாவம்."

முந்திரிக்கொத்தும் செய்தேன். பாசிப்பயறை வறுத்து மாவாக்கி, வெல்லப்பாகு காய்ச்சி, உருட்டி, மூன்று மூன்றாக ஒட்டிப் பொரித்து எடுப்பதற்குள் இடுப்பு போய்விட்டது. மகள் ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டு "இதுல முந்திரியே இல்லையே" என்கிறாள்.

பாளையங்கோட்டை, இப்போது கோவை:

நான் கிறிஸ்தவள் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். எதிர்வீட்டு டீச்சர் பலகாரத் தட்டின் மேல் பின்னல் துணி மூடிக் கொடுத்தனுப்புவார்கள். அம்மா தட்டை வெறுமனே திருப்பித் தரமாட்டாள், ஒன்றும் இல்லையென்றால் ஒரு பிடி சீனியாவது இருக்கும். தீபாவளிக்கு எங்கள் தட்டு அங்கே போகும். கோவையில் ஐந்து வருடமாக எதிர்க்கதவு யாருடையது என்றே தெரியாமல் இருந்தேன். இந்தத் தீபாவளிக்குக் கூச்சத்தை விட்டு அதிரசத்தோடு பெல்லை அடித்தேன். 25ஆம் தேதி தட்டு திரும்பி வந்தது, கேக்கும் அச்சு முறுக்குமாக. பொண்ணு உடனே சீனி டப்பாவைத் தேடிப் போனாள், நான் சொன்ன கதை எவ்வளவு நாளாக அவள் மண்டையில் இருந்ததோ! கேழ்வரகை ஊறவைக்க வேண்டுமா?

தூத்துக்குடி, இப்போது சென்னை:

ஒரு ராத்திரி ஊறினால் நல்லது. மாவு பாக்கெட்டை எடுத்துவிடாதீர்கள், முழுசாகக் கேட்டு வாங்குங்கள். எங்கள் ராஜாக்கள் இப்போது ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறார்கள். ஒருவர் மட்டும் சின்னவளின் ஜாமெட்ரி பாக்ஸில், "அவருக்கு ஒட்டகம் கிடைக்கல"யாம்.