டிஃபரன்ஷியல் பிரைவசி: ‘ஓராள் மறைப்பு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தரவிலிருந்து தனி ஆளைப் பற்றிய விவரம் வெளியாகாமல் காக்கும் ‘டிஃபரன்ஷியல் பிரைவசி’ என்ற முறைக்குத் தமிழ்ச் சொல்லாக நேற்று வந்த ‘வகையீட்டு அந்தரங்கம்’ என்ற பரிந்துரையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. வகையீடு என்றதும் பிளஸ் டூ கணக்குப் புத்தகம்தான் நினைவுக்கு வரும். கணினி அறிவியலாளர்கள் சிந்தியா டுவொர்க், ஃபிராங்க் மெக்‌ஷெரி, கோபி நிசிம், ஆடம் ஸ்மித் நால்வரும் 2006-இல் முன்வைத்த கருத்தில் அந்த வகையீடு இல்லை. ஒரே ஒரு ஆள் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம்தான் அங்கே பேச்சு.

ஒரு தரவுத்தளம் தனி ஆளின் சம்பளத்தைச் சொல்லாது, மொத்தத்தை மட்டும் சொல்லும் என்று வைத்துக்கொள்வோம். 40 பேரின் மொத்தத்தைக் கேட்கிறேன். அப்புறம் அவர்களில் ஒருவரான கணக்காளரை விட்டுவிட்டு மீதி 39 பேரின் மொத்தத்தைக் கேட்கிறேன். கழித்தால் அவர் சம்பளம் தெரிந்துவிடும். ‘பத்துப் பேருக்குக் குறைந்தால் பதில் கிடையாது’ என்ற காவல் இங்கே உதவாது, இரண்டு கேள்வியுமே பெரிய கூட்டத்தைப் பற்றியவை. இந்த மாதிரிக் காவலைச் சுற்றிப்போகும் வழியை கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் டோரதி டென்னிங் முதலானோர் 1979-லேயே காட்டிவிட்டார்கள்.

நால்வரின் வழி, பதிலில் உள்ள எண்ணைக் குலுக்கல் போட்டது போல் கூட்டியோ குறைத்தோ, அளவாகக் கொஞ்சம் அசைத்துத் தருவது. கணக்காளர் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்தப் பதிலும் வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ ஒரே அளவாகவே இருக்க வேண்டும். அதனால்தான் ‘ஓராள் மறைப்பு’ என்கிறேன்.

இந்தச் சொல் எல்லை மீறி வாக்குக் கொடுப்பதில்லை என்பது எனக்கு முக்கியம். புகைபிடிப்பவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் என்று ஓர் ஆய்வு சொன்னால், அதில் சேராத புகைபிடிப்பவரைப் பற்றியும் ஊகிக்கலாம். அதை இந்த முறை தடுக்காது. வெறுமனே ‘அந்தரங்கம்’ என்றால் அதையும் தடுக்கும் என்று வாசகர் நம்பிவிடுவார்.

எண்ணை இப்படி அசைப்பதை ஆங்கிலத்தில் குறிக்கும் ‘நாய்ஸ்’ என்பதற்கு இரைச்சல் வேண்டாம், ‘அசைவு’ போதும். அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநில மொத்தங்களைத் தொடாமல், சிறு ஊர்களின் ஆள் எண்ணிக்கையை அசைத்து வெளியிட்டார்கள். இந்த வாக்கியத்தில் இரைச்சலைப் போட்டுப் பாருங்கள், ஒட்டவில்லை. பிழை என்பதும் சரியில்லை, இது தெரிந்தே செய்வது.

ஒன்று மட்டும் இன்னும் அமையவில்லை. கேள்வி கேட்கக் கேட்க மறைப்பு கரையும். மொத்தம் எவ்வளவு கரையலாம் என்று முன்கூட்டியே வைக்கும் அளவை ‘பிரைவசி பட்ஜெட்’ என்கிறார்கள். ‘கசிவு வரம்பு’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் செலவாகித் தீர்ந்துபோவது என்ற பொருள் வரம்பில் இல்லை. உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்.