சி டிரைவில் 74 ஜிபிக்குக் கணக்கு இல்லை

2021-இல் வாங்கிய, 256 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட என் விண்டோஸ் 11 மடிக்கணினியில் சி டிரைவின் பட்டை மூன்று வாரங்களாகச் சிவப்பிலேயே நிற்கிறது. நேற்றிரவு 4 ஜிபி மட்டுமே மிஞ்சியிருந்தது. மொத்தம் 238 ஜிபி எனக் காட்டும் அந்த டிரைவில், மறைந்துள்ள கோப்புகளையும் சேர்த்து எல்லா ஃபோல்டர்களையும் தேர்ந்தெடுத்து அளவு பார்த்தால் 160 ஜிபிதான் வருகிறது.

டிஸ்க் கிளீனப்பை நிர்வாகி உரிமையுடன் ஓட்டி, டெம்ப் ஃபோல்டரைக் காலிசெய்து, ஹைபர்னேட் வசதியையும் நிறுத்தியதில் 6 ஜிபி கிடைத்தது. இரண்டே நாளில் அதுவும் கரைந்துவிட்டது. (எஸ்எஸ்டி என்பதால் டிஃபிராக் செய்யவில்லை, செய்தாலும் இடம் கூடாது.) மீட்புப் புள்ளிகள் (கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப விண்டோஸ் எடுத்துவைக்கும் பதிவுகள்) சேமிக்கப்படும் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' ஃபோல்டரைத் திறக்க முயன்றால் அனுமதி மறுக்கப்படுகிறது.

மீட்புப் புள்ளிகள்தான் அந்த இடத்தைப் பிடித்திருக்கின்றனவா என்பதை, எதையும் அழிக்காமல் எந்தக் கட்டளையின் மூலம் உறுதிசெய்துகொள்ளலாம்?